கிணற்றுள் நிற்கும் காற்றும் நம் சுவாசமும்

திண்டிவனத்தினின்று விழுப்புரம் நோக்கி இருப்புப்பாதை வழியே செல்வோர், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்னும் நிலையங்களைக் கடக்குங்கால், இருமருங்கினும் நெல்லும் கரும்பும், இந்நாட்டார் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையும் விளையும் நிலங்களைக் காண்பர். அந்நிலங்களினிடையே ஆங்காங்கு வாய்திறந்து கிடக்கும் கிணறுகளையும் காண்பர். ஏரிநீர் எட்டாத மேட்டு நிலங்கட்கு இக்கிணறுகளே உயிர்நாடியாம். மழை பெய்து கிணறு நிரம்பிய காலத்தில், நீந்தத் தெரிந்த ஊர்ச் சிறுவர் அதன் விளிம்பினின்று குதித்து, மூச்சையடக்கி அடிவரை மூழ்கி, ஒரு பிடி சேற்றை அள்ளிக்கொண்டு நகைத்தவாறே மேலே வருதல் நம்மிற் பலர் கண்டதும், இளமையிற் செய்ததுமாகும்.

அதே கிணறு கோடையில் வற்றுகின்றது. தூர் வாருதற்கோ, பழுதுற்ற எந்திரத்தைச் செப்பனிடுதற்கோ ஒருவன் அதனுள் இறங்குகின்றான். இப்போது நீர் இல்லை. மூச்சை அடக்க வேண்டுவதும் இல்லை. தாராளமாய் மூச்சு விட்டுக்கொண்டே இறங்குகின்றான். ஆயினும் சில வேளைகளில், அடியை எட்டியதும் யாதொரு சொல்லும் சொல்லாது சாய்ந்துவிடுகின்றான். அவனைத் தூக்கத் தம்பி இறங்குகின்றான். தம்பியைத் தூக்க அண்டை வீட்டான் இறங்குகின்றான். இவ்வாறு ஒருவர்பின் ஒருவராய் இருவரும் மூவரும் மடிந்த செய்தியை நாளிதழ்களில் நாம் பலமுறை படித்திருக்கின்றோம்.

மூச்சை அடக்கியவன் பிழைக்கின்றான். மூச்சு விட்டவன் மடிகின்றான். இஃதென்ன விந்தை! இவ்வினாவிற்கு விடை காணப் புகுவோமாயின், நமது சுவாசம் நடைபெறும் முறை முழுவதும் தெளிவாக விளங்கும். ஆதலின் அதனையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

துருத்தியின் தொழில்

சுவாசம் என்று நாம் ஒரு சொல்லால் வழங்குவது உண்மையில் இருவேறு தொழில்களாம். ஒன்று, காற்றை உள்ளே கொணர்ந்து வெளியே விடுதல். மற்றொன்று, அக்காற்றிற்கும் குருதிக்கும் இடையே வாயுக்கள் இடம் மாறுதல். முன்னையது கண்ணுக்குத் தெரிவது, பின்னையது தெரியாதது. முன்னையது நடந்தால் பின்னையதும் செவ்வனே நடக்கும் என்று எண்ணி மயங்குதலே கிணற்றுச் சாவுகளுக்கு மூலமென்பது இனி விளங்கும்.

கொல்லன் உலைக்களத்துத் துருத்தியை நோக்குக. அதனை அவன் விரிக்கும்போது உள்ளிடம் பெருகுகின்றது. உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் குறைகின்றது. புறத்திலுள்ள காற்று தானே உட்புகுகின்றது. நமது மார்பும் இத்தன்மைத்தே. நுரையீரலுக்குத் தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் தசை இல்லை. மார்பையும் வயிற்றையும் பிரித்து நிற்கும் உதரவிதானம் என்னும் தசைத்தகடு, ஓய்ந்திருக்குங்கால் கவிழ்த்த சட்டிபோல் மேனோக்கிக் குவிந்திருக்கும். அது சுருங்கும்போது தாழ்ந்து தட்டையாகின்றது. அதே வேளையில் விலாவெலும்புகட்கு இடையேயுள்ள தசைகள் சுருங்கி, விலாக்களை மேலும் புறமுமாக உயர்த்துகின்றன. இவ்விரண்டாலும் மார்பின் உள்ளிடம் பெருகுகின்றது. நுரையீரலைப் போர்த்த சவ்வும் மார்பின் உட்சுவரைப் போர்த்த சவ்வும், இடையே சிறிதளவு நீரோடு, நனைந்த இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றையொன்று விடாது பற்றினாற்போல் நிற்பவை. ஆதலின் மார்பு விரிய, நுரையீரலும் உடன் விரிகின்றது.

அமைதியான மூச்சில், நுரையீரலினுள் அழுத்தம் குறைவது மிகச் சிறிதேயாம். நீர்க்கம்பத்தால் அளப்பின் 1 சென்டிமீட்டர் அளவே. அச்சிறு வேறுபாடே அரை லிட்டர் காற்றை உள்ளே கொணரப் போதுமானது. வெளிமூச்சிற்கோ அவ்வுழைப்பும் வேண்டுவதில்லை. இழுத்துவிட்ட ரப்பர் மீளுமாறுபோல், நுரையீரல் தானே சுருங்கிக் காற்றை வெளியேற்றும். ஓடும்போதும் இருமும்போதும் மட்டும் வயிற்றுத் தசைகள் துணைக்கு வரும்.

நாளொன்றுக்கு மூச்சு 21,600 என்பது நம் நாட்டுப் பழங்கணக்கு. சிதம்பரத்துப் பொன்னம்பலக் கூரையின் பொன்னோடுகளும் அத்தொகையினவே என்று கூறுவர். ஒரு நாளின் 1,440 நிமிடங்களால் இதனை வகுத்தால் நிமிடத்திற்கு 15 வரும். அமைதியாயிருக்கும் வளர்ந்தோர் நிமிடத்திற்கு 12 முதல் 18 வரை மூச்சு விடுவர் என்று இக்காலத்து உடலியல் நூல்கள் கூறுவதோடு இது பொருந்துதல் காண்க. மூச்சொன்றுக்கு அரை லிட்டராக, நாளொன்றுக்கு நம்முட் சென்று மீளும் காற்று 10,000 லிட்டருக்கு மேற்படும்.

எனினும் உட்சென்ற காற்று முழுவதும் பயன்படுவதில்லை. 500 மில்லிலிட்டர் காற்றில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர், மூக்கிலும் மூச்சுக்குழலிலும் அதன் கிளைகளிலும் தங்கி, வாயிலிற் காத்திருந்து திரும்பும் விருந்தினரைப்போல் வறிதே மீள்கின்றது. எஞ்சிய 350 மில்லிலிட்டரே உண்மையான தொழில் நடைபெறும் இடத்தை எட்டுகின்றது.

கண்ணுக்குத் தெரியாத பண்டமாற்று

மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகின்றது. ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாகப் பிரிகின்றது. இவ்வாறு ஏறத்தாழ 23 முறை கிளைத்தபின், திராட்சைக் குலைபோன்ற காற்று நுண்ணறைகளில் முடிகின்றது. இவ்வறைகளின் தொகை ஏறத்தாழ 30 கோடி. இவற்றின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பின் 70 சதுர மீட்டர் வரை, அதாவது ஒரு பெரிய வகுப்பறையின் தரையளவு இருக்கும். ஒவ்வோர் அறையின் புறத்தும் தந்துகிகள் என்னும் மயிரினும் நுண்ணிய குருதிக்குழல்கள் வலைபோற் பின்னிக் கிடக்கின்றன. 1628இல் குருதியோட்டத்தை விளக்கிய ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர் இத்தந்துகிகளைக் கண்டாரில்லை. 1661இல் இத்தாலி நாட்டு மால்பீகி என்பார் தவளையின் நுரையீரலை நுண்பெருக்கியால் நோக்கி இவற்றைக் கண்டு வெளியிட்டார்.

நுண்ணறைக் காற்றிற்கும் குருதிக்கும் இடையேயுள்ள சுவர், மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு தடிப்பும் இல்லாதது. இச்சுவரின் வழியே வாயுக்களைத் தள்ளுவாரும் இல்லை, இழுப்பாரும் இல்லை. மேட்டுநீர் பள்ளம் நோக்கிப் பாய்தல்போல, ஒவ்வொரு வாயுவும் தன் அழுத்தம் மிகுந்த இடத்தினின்று குறைந்த இடத்திற்குத் தானே பரவுகின்றது. இஃதொன்றே விதி.

இதனைக் கணக்கால் விளக்குவோம். கடல்மட்டத்திற் காற்றின் அழுத்தம் பாதரச அளவில் 760 மில்லிமீட்டர். திண்டிவனமும் விழுப்புரமும் கடல்மட்டத்திற்கு மேல் அதிகம் உயராத ஊர்களாதலின் அவற்றிற்கும் இவ்வளவே கொள்ளலாம். காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. ஆகவே, அது தன் பங்கிற்குத் தரும் அழுத்தம் ஏறத்தாழ 160 மில்லிமீட்டர். உட்சென்று, நீராவியோடும் உள்ளே முன்னரே நின்ற காற்றோடும் கலந்தபின், நுண்ணறைகளில் இஃது ஏறத்தாழ 100 ஆகக் குறைகின்றது. உடலெங்கும் சுற்றிக் களைத்து நுரையீரலை அடையும் குருதியிலோ பிராணவாயுவின் அழுத்தம் 40. ஆகவே 100இலிருந்து 40ஐ நோக்கிப் பிராணவாயு குருதியினுட் பாய்கின்றது. கரியமிலவாயுவின் அழுத்தம் அக்குருதியில் ஏறத்தாழ 46, நுண்ணறையில் 40. ஆகவே அது குருதியை விட்டுக் காற்றிற் புகுகின்றது. விழுப்புரம் சந்திப்பிற்கு வரும் வண்டி ஒருசாராரை இறக்கி, மற்றொருசாராரை ஏற்றிக்கொண்டு புறப்படுவதுபோல், குருதியும் ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றிக்கொண்டு இருதயத்திற்கு மீள்கின்றது. அது நுண்ணறையருகே நிற்கும் காலம் ஏறத்தாழ முக்கால் வினாடி. அதிலும் மூன்றிலொரு பங்கு நேரத்திலேயே ஏற்றம் முடிந்துவிடுகின்றது.

இவ்வளவு விரைவாக ஏற்றுதற்குக் குருதியின் செந்நிறப் பொருளாகிய ஈமோகுளோபினே காரணம். 100 மில்லிலிட்டர் குருதி ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். ஈமோகுளோபின் இல்லையாயின், அக்குருதியின் நீரிற் கரைந்து செல்லக்கூடியது 0.3 மில்லிலிட்டரேயாம். சோகை பிடித்தவர் சிறிது நடந்ததும் இளைப்பதன் காரணம் இதனால் அறியலாம். அவருடைய துருத்தியிற் பழுதில்லை, வண்டிகளே குறைவு. கரியமிலவாயுவோ பெரும்பகுதி பைகார்பனேட்டு என்னும் உப்பாக மாறிக் குருதிநீரிற் கரைந்து வருகின்றது.

காவலன் யார்?

மூச்சை விரைவுபடுத்தியும் தணித்தும் ஆள்வது எது? பிராணவாயு குறைந்தவுடன் உடல் அறிந்து மூச்சை வேகப்படுத்தும் என்று நாம் இயல்பாக எண்ணுவோம். 1905இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்பாரும் ப்ரீஸ்ட்லி என்பாரும் செய்த ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டியது. நாள்தோறும் நம் மூச்சை ஆள்வது பெரும்பாலும் கரியமிலவாயுவே. அது குருதியிற் சிறிது மிகுந்தாலும், மூளையின் அடிப்பகுதியாகிய முகுளம் அதனை உணர்ந்து மூச்சை ஆழமாக்குகின்றது. நீருள் மூழ்கிய சிறுவனை மேலே வரத் தூண்டும் மூச்சுமுட்டலும் பெரும்பாலும் இதனால் எழுவதே. பிராணவாயுக் குறைவை உணரும் சிற்றுறுப்புக்கள் கழுத்தின் குருதிக்குழல்களருகே உள்ளன. ஆயினும் அவை எழுப்பும் குரல் மெல்லியது. எனவே பிராணவாயு குறைந்தும் கரியமிலவாயு மிகாமலும் உள்ள காற்றில் ஒருவன் புகுந்தால், மூச்சு முட்டுவதாகவே அவனுக்குத் தோன்றாது. வீட்டிற் கள்வன் புகுந்தும் காவல்நாய் குரைக்காதது போலாம்.

இந்த ஹால்டேன், நிலக்கரிச் சுரங்கங்களில் இறந்தோரைப் பற்றி ஆராய்ந்து 1896இல் ஓர் அறிக்கை வெளியிட்டவர். வெடிவிபத்துக்களில் இறந்தோருட் பெரும்பாலோர் வெடியால் அன்றி, அதன்பின் எழுந்த நச்சுக்காற்றாலேயே இறந்தனர் என்று அவர் காட்டினார். சுரங்கத்துட் செல்வோர் சிறு பறவைகளைக் கூண்டில் உடன்கொண்டு செல்லும் வழக்கம் அவர் அறிவுரையால் வந்தது. சிறுபறவை மனிதனினும் முன்னே தளர்ந்து விழுந்து எச்சரிக்கும். அவர் தம் சிறுமகனையும் ஒருமுறை சுரங்கத்துள் அழைத்துச் சென்று, ஓரிடத்தில் எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்துச் சொற்பொழிவொன்றை ஒப்பிக்குமாறு பணித்தார். சிறுவன் சில வரிகள் சொல்வதற்குள் இளைத்துக் கால் தளர்ந்து விழுந்தான். விழுந்த இடத்துக் காற்று நல்லதாயிருந்தமையால் தெளிந்தான். மீத்தேன் என்னும் வாயு காற்றினும் இலேசானதாதலின் மேலே நிற்கும் என்னும் பாடத்தை அச்சிறுவன் என்றும் மறந்திலன். அவரே பின்னர்ப் பெரும் அறிவியலறிஞராகி, 1957இல் இந்தியாவிற் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் ஆவார்.

கிணற்றுள் நிகழ்வது

திண்டிவனம் என்னும் பெயர் புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணிவனம் என்பதன் திரிபென்பர். இரவிற் புளியமரத்தடியிற் படுக்கலாகாது என்று நம் பாட்டிமார் அச்சுறுத்தியது நினைவிருக்கும். மரங்களும் நம்மைப்போல் சுவாசிப்பவையே. இரவிற் பிராணவாயுவைக் கொண்டு கரியமிலவாயுவை விடுகின்றன என்பது மெய். ஆயினும் திறந்தவெளியில் அதனைக் காற்று உடனே சிதறடித்துவிடுமாதலின், மரத்தடியில் அதனால் தீங்கில்லை. அஞ்சத்தக்க இடம் மரத்தடியன்று. அம்மரத்தின் அருகே, காற்றோட்டம் எட்டாத ஆழத்திற் கிடக்கும் வற்றிய கிணறேயாம்.

மண்ணிலுள்ள வேர்களும் நுண்ணுயிர்களும், கிணற்றுள் விழுந்து மக்கும் தழைகளும் ஓயாது பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. இவ்வாயு காற்றினும் ஒன்றரை மடங்கு கனமுடையது. ஆதலின் ஆழத்திற் குளம்போல் தேங்கி நிற்கும். அதற்கு நிறமில்லை, எச்சரிக்கத்தக்க மணமுமில்லை. கிணற்றுள் எண்ணெய் எந்திரத்தை இறக்கி ஓட்டுவார் உளராயின், அதன் புகையிற் கார்பன் மானாக்ஸைடு என்னும் மற்றொரு நஞ்சும் சேரும். அது பிராணவாயுவினும் 200 மடங்கிற்கு மேற்பட்ட பற்றோடு ஈமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு, வண்டியில் இடமில்லாதபடி செய்துவிடும்.

இனி நம் முதல் வினாவிற்கு வருவோம். கிணற்றின் அடியில் நூற்றுக்கு 4 பங்கே பிராணவாயு உள்ளதெனக் கொள்வோம். அதன் அழுத்தம் ஏறத்தாழ 30. நுரையீரலுக்கு வரும் குருதியிலோ, மேற்கூறியவாறு, 40. இப்போது மேடு எது? பள்ளம் எது? குருதியே மேடு, காற்றே பள்ளம். விதி ஒன்றே, திசை மாறிவிட்டது. பிராணவாயு குருதியை விட்டுக் காற்றிற்குப் பாய்கின்றது. அவன் விடும் ஒவ்வொரு மூச்சும், ஏற்றம் நீரை இறைப்பதுபோல், அவன் குருதியிலிருந்த பிராணவாயுவை இறைத்து வெளியே கொட்டுகின்றது. எவ்வளவு ஆழ்ந்து மூச்சு விடுகின்றானோ அவ்வளவு விரைவில் இழக்கின்றான். வறிய அக்குருதி சில வினாடிகளில் மூளையை அடைகின்றது. சில மூச்சுக்களுள் அறிவு மயங்குகின்றது. கூவுதற்கும் நேரமில்லை.

நீருள் மூழ்கிய சிறுவனோ, நல்ல காற்றால் நுரையீரலை நிரப்பி வாயிலை அடைத்துக்கொண்டான். அச்சேமிப்பினின்று சிறிது சிறிதாகச் செலவிட்டான். அவனிடம் துருத்தி நின்றது, பண்டமாற்று நின்றிலது. கிணற்றில் இறங்கியவனிடமோ துருத்தி குறைவற நடந்தது, பண்டமாற்றுத் தலைகீழாயிற்று. அவன் மூச்சு நின்றதால் வீழ்ந்தானல்லன். மூச்சு நடந்ததாலேயே வீழ்ந்தான்.

நாம் செய்யத்தக்கது

இதனைப் படித்த எவரும், ‘ஆயின் மூச்சையடக்கிக்கொண்டு இறங்கி ஒருவனைத் தூக்கி வரலாமே’ என்று எண்ணற்க. சுமையோடு ஏறுவோனுக்குப் பிராணவாயுச் செலவு பன்மடங்கு பெருகும்; பாதியிலேயே அவன் மூச்சிழுத்துவிடுவான். இரண்டாமவனும் மூன்றாமவனும் மடிந்தது இவ்வன்பினாலும் இவ்வறியாமையாலுமே.

முதலாவது, நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றினுள், மேலே ஆட்கள் பிடித்த கயிற்றை உடலிற் கட்டாது எவரும் இறங்கலாகாது; தனியே இறங்குதல் அறவே ஆகாது. கட்டிய கயிறு இருப்பின், மற்றொருவர் இறங்காமலே வீழ்ந்தவரை மேலே இழுக்கலாம்.

இரண்டாவது, விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தின் அளவை அறிதல் வேண்டும். பிராணவாயு நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்காகக் குறையுங்கால் சுடர் அணையும். அணைந்தால் இறங்கலாகாது என்பது உறுதி. அணையாவிடில் தீங்கில்லை என்பது மட்டும் உறுதியன்று. கார்பன் மானாக்ஸைடு இருப்பதைச் சுடர் காட்டாது. மலக்குழியிலோ சுடரை இறக்கவே கூடாது, மீத்தேன் வெடிக்கும். காற்றூதியால் நெடுநேரம் புதுக்காற்றைச் செலுத்துதலும், வாயுமானி கொண்டு சோதித்தலுமே தக்க வழிகள்.

மூன்றாவது, ஒருவர் வீழ்ந்தால் உடனே தீயணைப்பு நிலையத்தை 101 என்னும் எண்ணிலும், மருத்துவ ஊர்தியை 108 என்னும் எண்ணிலும் அழைத்தல் வேண்டும். தீயணைப்பு வீரர், காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து அதன் காற்றையே சுவாசித்து இறங்குவர். கிணற்றினின்று மேலே எடுக்கப்பட்டவருக்கு மூச்சில்லையாயின், பயிற்சியுடையோர் நெஞ்சை அழுத்தியும், வாயோடு வாய் வைத்து ஊதியும் உதவலாம். நாம் வெளிவிடும் காற்றிலும் நூற்றுக்கு 16 பங்கு பிராணவாயு உண்டு. அதன் அழுத்தம் 120; அவர் குருதியிலுள்ளது 40இனும் குறைவு. பள்ளம் மீண்டும் சரியான பக்கம் திரும்பிவிடுகின்றது.

கிணற்றினும் கொடியது மலக்குழி. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நஞ்சு, உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலையே தடுத்துவிடும். சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்தாலோ மோப்பத்தையே மழுக்கிவிடும். நாற்றம் நின்றது கண்டு நஞ்சு நீங்கிற்றென எண்ணியவர் அழிவர். 2013ஆம் ஆண்டுச் சட்டம், காப்புக்கருவிகளின்றி மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் மனிதரை இறக்குதலைக் குற்றமாக்கியது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் தருமாறு 2014இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. எனினும் சாவுகள் நின்றபாடில்லை. இறங்குவோர் பெரும்பாலும் சாதியால் ஒதுக்கப்பட்ட ஏழையர். இறக்குவோர் பல வேளைகளில் நம்மைப்போற் படித்த வீட்டினர். பணம் மிச்சப்படுத்த வேண்டி ஒருவனைக் குழியுள் இறக்குமுன், 40, 30 என்னும் இவ்விரண்டு எண்களை நாம் நினைத்தல் கடன்.

கோடை விடுமுறையில் நம் கல்லூரி மாணவர் ஊர் திரும்புவர். தூர் வாரும் பருவமும் அதுவே. ஊர்க்கிணற்றின் விளிம்பில் ஒருவர் கயிறின்றி இறங்க முற்படும்போது, ‘அண்ணே, சற்றுப் பொறுங்கள்’ என்று கூறித் தடுக்க ஒரு மாணவர் அங்கே இருப்பாராயின், உடலியல் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யும் நுண்ணறைகளும் அழுத்தக் கணக்குகளும் அன்று பயன் பெற்றனவாம். துருத்தி நடப்பதைக் கண்டு ஏமாறற்க. அது எக்காற்றை ஊதுகின்றது என்பதனை முன்னர் வினவுக.